நன்னீரும் உவர்நீரும்

திருப்புலிவனத்தை அடுத்த உத்திரமேரூர் ஏரிக்குச் செய்யாற்றிலிருந்து நீர் வருகிறது. அச்செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் கூடி, கல்பாக்கத்திற்குத் தெற்கே வயலூர் அருகில் கடலை அடைகிறது. நம் ஏரிக் கெண்டையை அங்குள்ள கடல்நீரில் விட்டால் அது உயிர் தரியாது. கடல் மீன்களுள் பெரும்பாலானவற்றுக்கு நம் ஏரியிலும் அதே கதிதான். இவ்வேற்றுமையின் காரணத்தை நம் அங்கத்தினர்கள் அறிந்திருப்பது நலம். ஏனெனில் இது மீனோடு நின்றுவிடும் செய்தியன்று.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. நன்னீரில் அரை கிராமுக்கும் குறைவே. மீனின் இரத்தமோ கடல்நீரில் மூன்றிலொரு பங்கு உப்புடையது. மாங்காயில் உப்பிட்டால் அது நீர் விடுவதை வீட்டில் காண்கிறோம் அல்லவா? உப்பு மிகுந்த பக்கம் மெல்லிய தோலின் வழியே நீரைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். ஆகவே ஏரி மீனின் உடலுக்குள் நீர் ஓயாது புகுகிறது; அது மிகுதியைச் சிறுநீராகக் கழித்தவண்ணம் இருக்கிறது. கடல் மீனின் உடலிலிருந்து நீர் வெளியேறுகிறது; அது கடலையே குடித்து, உப்பைச் செவுள்களால் வெளிப்படுத்துகிறது. தண்ணீரில் இருந்தும் தாகம் தீராத பிராணி! மடவையும் கொடுவாவும் இவ்விரு வித்தைகளையும் அறிந்தவை.

நெற்பயிருக்கு அவ்வித்தை தெரியாது. மண்ணில் உப்பு மிகுந்தால், வயலில் ஈரம் இருந்தும் வேரால் நீரை உறிஞ்ச இயலாது; இலை நுனி கருகும். கடல்நீர் ஏறி ஊற்றுகளைக் கெடுக்காதிருக்க, பாலாற்றின் குறுக்கே வயலூரில் 2019-இல் தடுப்பணை கட்டினார்கள்.

ஆனால் உப்பு கடலிலிருந்தே வரவேண்டும் என்பதில்லை. பருத்தியில் சாயம் ஏறுவதற்குத் தொட்டியில் உப்பிடுவது நெசவாளர் அறிந்ததே. நூல் சாயத்தை ஏற்கும். உப்பு கழிவுநீரோடு வெளியேறிவிடும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் பல்லாண்டு நொய்யலாற்றில் கலந்தது. பாசனத்திற்கென்று 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே அக்கழிவின் தேக்கமாயிற்று. கடலுக்கு வெகு தொலைவிலிருந்த ஊர்களில் கிணறுகள் உவர்த்தன. கழிவுநீரை அறவே வெளிவிடாத நிலையை எய்தாத பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

சாயத்தொழிலை நாம் பழிக்கவில்லை. அதனால் பிழைக்கும் குடும்பங்கள் எத்தனையோ. கழிவுநீரைச் சுத்திகரித்து, உப்பை மீட்டு, மறுபடியும் தொட்டியிலிடும் முறை உண்டு. அதற்குச் செலவு அதிகம் என்பது மெய்யே. எனினும் அச்செலவைச் செய்யாத காலத்தில் நட்டம் முழுவதும் ஆற்றின் கீழ்ப்புறத்து உழவர் தலையில் விழுந்தது.

உவர்த்த நிலத்தை மீட்க, நல்ல நீர் பாய்ச்சி அலசி, வடிகால் வழியே வெளியேற்றவேண்டும். சாயத்தொட்டி உள்ள அங்கத்தினர்கள், கழிவுநீர் எந்த வாய்க்காலில் இறங்குகிறதென்று இம்மாதமே பார்த்துக்கொள்க. அருகிலுள்ள கிணற்று நீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, உவர் அளவைக் குறித்து வைத்துக்கொள்வதும் நன்று.