மெல்லச் சென்றோம், நிறையக் கண்டோம்

சென்ற நவம்பரில் வங்கிக் கிளைக்குச் சென்று இருவரும் உயிர்வாழ் சான்றிதழை அளித்தோம். டிசம்பரில் அகமதாபாத்திலிருந்து கட்ச் நோக்கிக் காரில் புறப்பட்டோம். முப்பது ஆண்டுகள் குஜராத்தில் பணியாற்றியும் அங்குள்ள வெண்ணிற உப்புப் பாலையை நாங்கள் கண்டதில்லை. பணிக்காலத்தில் விடுப்பு அமையவில்லை. ஓய்வு பெற்றதும் எங்களில் ஒருவருக்கு இதய அறுவைச் சிகிச்சை நேர்ந்தது. மருத்துவக் காப்பீடு கைகொடுத்ததால், பயணத்துக்கென மூன்றாண்டுகள் தொடர் வைப்பில் சேர்த்த தொகையைத் தொட நேரவில்லை. ஓராண்டுக்குப் பின் மருத்துவரும் இசைந்தார். அவசரம் கூடாது என்பதே அவருடைய நிபந்தனை.

ஆகவே நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டுவதில்லை, இருட்டிய பின் ஓட்டுவதே இல்லை என முடிவு செய்தோம். மடக்கு நாற்காலிகள், சிறு அடுப்பு, காப்பி வடிகட்டி, மருத்துவக் கோப்பு ஆகியவை வண்டியில் ஏறின.

முதல் இரவு, சின்ன ரண் ஓரத்தில் தசாடா அருகே கூடாரத்தில் தங்கினோம். விடியற்காலையில் காட்டுக் கழுதைகள் கூட்டமாக மேய்வதைக் கண்டோம். இந்திய இனக் காட்டுக் கழுதைகளின் புகலிடம் இப்பகுதியே. நெடுஞ்சாலையில் விரைந்திருந்தால் அவற்றைத் தவறவிட்டிருப்போம்.

மறுநாள் பூஜ் சேர்ந்தோம். 2001 ஜனவரி 26 அன்று நிலநடுக்கத்தால் சிதைந்த நகரம் அது. உயிரிழந்தோர் நினைவாகக் குன்றின்மீது எழுப்பப்பட்ட ஸ்மிருதிவனத்தில், பொறிக்கப்பட்ட பெயர்களைப் படித்தவாறு நெடுநேரம் பேசாமல் நின்றோம்.

பூஜ் நகரில் எரிபொருளை நிரப்பிக்கொண்டு வடக்கே சென்றோம். காவ்டாவிலிருந்து தோலாவிரா செல்லும் சாலை, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவு ரண் நடுவே நேராக ஓடுகிறது. மழைக்காலத்தில் நீர் சூழும் அந்நிலம் குளிர்காலத்தில் உப்பாக உறைந்து கிடக்கிறது. இருபுறமும் வெண்மை; எதிரே வண்டி எதுவும் இல்லை. அதுவரை நெடுஞ்சாலையில் ஓட்டத் துணியாத எங்களில் மற்றவர், அங்கேதான் முதன்முறையாக ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார்.

அன்றிரவு தோலாவிராவில் கூடாரம். குளிர் கடுமையாக இருந்தது. ஒருவர் உறங்க, மற்றவர் அந்த மூச்சின் சீரைக் கேட்டவாறு விழித்திருந்தார். அது சீராகவே இருந்தது.

காலையில், 2021-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட சிந்துவெளி நகரைச் சுற்றினோம். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் இரண்டு ஓடைகளின் நீரைத் தடுத்துப் பெரும் நீர்த்தேக்கங்களில் சேமித்து, வறண்ட நிலத்தில் ஒரு நகரம் பல நூற்றாண்டுகள் வாழ்ந்திருக்கிறது. தேக்கத்தின் விளிம்பில் அமர்ந்தும் எழுந்தும் மூன்று மணி நேரம் கழித்தோம். எங்களை விரட்டுவார் எவருமில்லை.

எட்டு நாள்களில் வீடு திரும்பினோம். இவ்வாண்டு நவம்பரிலும் சான்றிதழ் அளிக்க இருவருமாகவே கிளைக்கு வருவோம். அதன்பின் எங்கே செல்வது என்ற பேச்சு இப்போதே தொடங்கிவிட்டது.