அடுத்த பாகமும் ஆட்டக்காரரின் கைப்பழக்கமும்

திரைப்படத்தின் இரண்டாம் பாகம் சோபிக்காமல் போனால் பார்வையாளருக்கு ஏற்படும் இழப்பு இரண்டரை மணி நேரத்தோடு முடிந்துவிடுகிறது. வீடியோ கேமின் அடுத்த பாகமோ, ஆட்டக்காரர் ஆண்டுக்கணக்கில் தம் விரல்களுக்குக் கற்றுக்கொடுத்த திறமை இனியும் செல்லுமா, செல்லாதா என்ற கேள்வியைச் சுமந்துகொண்டு வருகிறது. சென்னைப் புறநகரில், கல்லூரிகளும் மாணவர் விடுதிகளும் நிறைந்த வேலப்பன்சாவடியிலும், தொழிற்பேட்டை இளைஞர்கள் மிகுந்த அம்பத்தூரிலும், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களிலும் கைப்பேசியில் விளையாடும் ஒருவர், புதிதாக வந்த விளையாட்டை வைத்துக்கொள்வதா, நீக்கிவிடுவதா என்பதை முடிவு செய்யும்போது, விளம்பரத்தையும் பெயரையும்விட இந்தக் கேள்விக்கே கூடுதல் மதிப்பளிக்கிறார் என்பதற்கு, 2020 முதல் 2023 வரை இந்தியாவில் நடந்தவை தெளிவான சான்றுகள்.

2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ், பப்ஜி மொபைல் உள்ளிட்ட 118 செயலிகளைத் தடை செய்தது. இந்திய-சீன எல்லையில் நடந்த கல்வான் பள்ளத்தாக்கு மோதலுக்குப் பிறகு சீனத் தொடர்புடைய செயலிகள்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைகளின் தொடர்ச்சி அது. பப்ஜி, 'பேட்டில் ராயல்' என்ற வகையைச் சேர்ந்தது. அதாவது, நூறு பேர் விமானத்திலிருந்து பாராசூட் மூலம் ஒரு தீவில் குதித்து, அங்கே கிடக்கும் ஆயுதங்களைப் பொறுக்கியெடுத்து, நேரம் ஆக ஆகச் சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் கடைசிவரை உயிரோடிருக்க முயல்வதே ஆட்டம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வெறும் துப்பாக்கிச் சண்டையாகத் தெரியும் இந்த ஆட்டத்தில், தொடர்ந்து சுடும்போது மேல்நோக்கி எகிறும் துப்பாக்கியை விரலால் கீழே இழுத்து அடக்குவதும், கைப்பேசியை நூலளவு சாய்த்துக் குறியைத் திருத்துவதும், தொலைவுக்கேற்பத் தோட்டா தாழ்வதைக் கணிப்பதும், எரங்கெல் என்ற அந்தத் தீவின் வீடுகளையும் மேடுகளையும் மனப்பாடமாக அறிந்திருப்பதும் நெடுநாள் பயிற்சியில் மட்டுமே கைவரும் நுட்பங்கள். தடை வந்தபோது ஆட்டக்காரர்கள் இழந்தது செயலியோடு சேர்த்து இந்தப் பயிற்சியையும், ஒவ்வோர் இரவும் நால்வராகக் கூடிப் பேசிக்கொண்டே விளையாடிய குழுவையும்தான்.

தடை வந்து இரண்டே நாட்களில், செப்டம்பர் 4 அன்று, நடிகர் அக்ஷய் குமார் 'ஃபௌஜி' என்ற இந்திய விளையாட்டை அறிவித்தார். பெங்களூருவைச் சேர்ந்த என்கோர் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கிய அதன் நிகர வருவாயில் 20 விழுக்காடு, வீரமரணமடைந்தவர்களின் குடும்பங்களுக்கான 'பாரத் கே வீர்' நிதிக்குச் செல்லும் என்றும் அறிவிக்கப்பட்டது. நவம்பர் இறுதியில் முன்பதிவு தொடங்கியதும், அதாவது விளையாட்டு வெளியாகும்போது தமக்குத் தெரிவிக்குமாறு செயலிக் கடையில் பெயர் கொடுக்கும் வசதி திறந்ததும், 24 மணி நேரத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்தனர். 2021 ஜனவரி 26 அன்று வெளியானபோது கையில் கிடைத்தது, கல்வான் பனிமலையில் ஒற்றை வீரர் தனியாக எதிரிகளோடு பெரும்பாலும் கைகலந்து போரிடும் ஒரு கதை ஆட்டம். நூறு பேர் குதிக்கும் தீவும் இல்லை, நண்பர்களோடு இறங்கும் வழியும் அப்போது இல்லை. அது பப்ஜியின் வழித்தோன்றல் என்று தயாரிப்பாளர்கள் சொல்லிவிடவில்லை. ஆயினும் அறிவிப்பு வந்த நேரமே மக்கள் மனத்தில் அப்படியோர் உறவை உண்டாக்கிவிட்டதால், நாட்டுப்பற்றோடு பதிவிறக்கியவர்களே ஏமாற்றத்தோடு குறைந்த மதிப்பெண் போட்டனர். முதல் முயற்சியில் இறங்கிய ஓர் உள்நாட்டு நிறுவனத்துக்கு அந்த அளவு எதிர்பார்ப்பு பெரும் அநீதியே. சில லட்சம் பேர் பொறுமையாக வளர்த்தெடுத்திருக்கக்கூடிய ஒரு விளையாட்டை, பல லட்சம் பேர் ஒரே வாரத்தில் எடைபோட்டுத் தள்ளும்படி செய்தது அந்த விளம்பரம்தான்.

அதற்கு நேரெதிரானது, தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் 2021 ஜூலை 2 அன்று இந்தியாவுக்கென்று வெளியிட்ட 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா', சுருக்கமாக பிஜிஎம்ஐ. பெயர் புதிது, இரத்தத்தின் நிறம் பச்சை, பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரக் கட்டுப்பாடு. இவற்றைத் தவிர்த்தால் அது பழைய ஆட்டமேதான்: அதே தீவு, அதே துப்பாக்கிகள், அதே எகிறல். பழைய கணக்கில் சேர்த்திருந்த உடைகளையும் பொருட்களையும் புதிய செயலிக்கு மாற்றிக்கொள்ளும் வழியையும் நிறுவனம் கொடுத்தது. ஓராண்டு நிறையும்போது பதிவு செய்த பயனர்கள் பத்துக் கோடியைத் தாண்டிவிட்டதாக கிராஃப்டன் அறிவித்தது.

இதே நிறுவனம் அதே ஆண்டு நவம்பர் 11 அன்று, 'பப்ஜி: நியூ ஸ்டேட்' என்ற பெயரில் முறையான அடுத்த பாகம் ஒன்றையும் வெளியிட்டது என்பதே இவ்வரலாற்றில் மிகவும் கவனிக்கத்தக்க செய்தி. உலகறிந்த பெயர், 2051ஆம் ஆண்டில் நடக்கும் கதைக்களம், டிரோன்கள், மின்சார வாகனங்கள், மேம்பட்ட காட்சித்தரம், ஐந்து கோடிக்கு மேற்பட்ட முன்பதிவு என அதற்கு எல்லாமே வாய்த்திருந்தன. ஆனால் துப்பாக்கியின் எகிறலும் ஓட்டத்தின் கனமும் வேறாக இருந்தன, நண்பர்கள் ஏற்கெனவே பிஜிஎம்ஐக்குள் கூடிவிட்டிருந்தனர், வெளியீட்டு நாளன்று தொழில்நுட்பக் கோளாறுகளும் சேர்ந்துகொண்டன. சில மாதங்களில் பெயரிலிருந்த 'பப்ஜி' நீக்கப்பட்டது. பிஜிஎம்ஐ பெற்ற இடத்தை இந்திய ஆட்டக்காரர்களிடம் அதனால் ஒருபோதும் பெற முடியவில்லை. பெயரை இழந்த ஆட்டம் உண்மையான தொடர்ச்சியாக ஏற்கப்பட்டதும், பெயரைத் தாங்கிய ஆட்டம் அந்நியமாகக் கருதப்பட்டதும் ஒரே நிறுவனத்துக்கு, ஒரே ஆண்டில் நேர்ந்தன.

இதற்கான விளக்கத்தை விளையாட்டு வடிவமைப்பாளர் ராஃப் கோஸ்டர் 2004இல் வெளியான தம் நூலிலேயே தந்திருந்தார். ஓர் ஒழுங்கை மூளை படிப்படியாகக் கற்றுக்கொள்ளும்போது பிறக்கும் மகிழ்ச்சியே ஆட்டத்தின் சுவை என்பதும், கற்க ஏதும் எஞ்சாதபோது சலிப்பு தொடங்குகிறது என்பதும் அவர் கருத்து. இக்கருத்தை ஏற்றால் அடுத்த பாகத்தை உருவாக்குவோர் படும் பாடு புரியும்: எதையும் மாற்றாவிட்டால் கற்பதற்கு ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் மாற்றினால் கற்றது வீணாகிறது. 'சிவிலைசேஷன்' தொடரை 1991இல் தொடங்கிய சித் மெயரின் பெயரோடு வழங்கும் ஒரு நெறி இதற்கு எளிய விடை கூறுகிறது. பழையதில் மூன்றிலொரு பங்கை அப்படியே வைத்து, மூன்றிலொரு பங்கைச் செம்மைப்படுத்தி, மூன்றிலொரு பங்கைப் புதிதாகச் சேர்க்க வேண்டும் என்பதே அது. கைப்பேசி ஆட்டங்களில் இந்தப் பங்கீடு இப்போது 'அப்டேட்' எனப்படும் இடைவிடாத புதுப்பித்தல்களாகச் சிறுகச் சிறுக நடந்துவிடுவதால், இரண்டு, மூன்று என்று எண்ணிட்டு வரும் பாகங்களுக்கான தேவையே குறைந்திருக்கிறது.

இம்மாற்றத்தில் ஆட்டக்காரர் இழப்பதும் உண்டு. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய குறுந்தகட்டிலிருந்து கணினியில் ஏற்றிய 2002ஆம் ஆண்டின் 'ஜிடிஏ வைஸ் சிட்டி', அடுத்தடுத்த பாகங்கள் எத்தனை வந்த பிறகும் அந்தக் கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. சர்வரை நம்பி வாழும் பிஜிஎம்ஐயோ, 2022 ஜூலை 28 அன்று செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே இறுதியில்தான் திரும்ப வந்தது. காட்சித்தரம் உயரும் ஒவ்வொரு முறையும் கூடுதல் நினைவகம் தேவைப்படுவதால், குறைந்த விலைக் கைப்பேசி வைத்திருப்பவருக்கு அடுத்த பாகம் என்பது அடுத்த கைப்பேசிக்கான செலவாகவும் ஆகிறது. புகழ்ந்து எழுதப்படும் விமர்சனங்கள் பலவும் இந்தச் செலவைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

குறைந்த விலைக் கைப்பேசியிலும் ஓடியதால் பரவிய மற்றொரு பேட்டில் ராயல் ஆட்டமான 'ஃப்ரீ ஃபயர்' 2022 பிப்ரவரியில் தடை செய்யப்பட்டபோது, அதன் காட்சி மேம்பட்ட வடிவமான 'ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்' தடைக்குள் வரவில்லை. பழைய கணக்கே அதிலும் செல்லும் என்பதால் ஆட்டக்காரர்கள் பெரிய ஆரவாரமின்றி இடம் மாறினர். 2023 ஆகஸ்ட் இறுதியில், கிரிக்கெட் வீரர் மகேந்திர சிங் தோனியை விளம்பரத் தூதராகக் கொண்டு 'ஃப்ரீ ஃபயர் இந்தியா' அறிவிக்கப்பட்டது. சென்னை ரசிகர்கள் அழைக்கும் 'தல' என்ற பெயரிலேயே அவர் ஆட்டத்தில் ஒரு பாத்திரமாக வருவார் என்ற செய்தி சென்னையில் எத்தகைய மகிழ்ச்சியை உண்டாக்கியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. செப்டம்பர் 5 என்று குறித்த வெளியீடு சில வாரங்கள் தள்ளிவைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டு, அந்த வாரங்கள் கடந்தும் வரவில்லை. விளம்பரம் மட்டும் வந்து விளையாட்டு வராத அக்காலத்திலும் ஆட்டக்காரர்கள் மேக்ஸில் விளையாடிக்கொண்டுதான் இருந்தனர்.

பெயரைவிட ஆட்டமே பெரிது என்பதைக் கால்பந்து வீடியோ கேம்களின் ரசிகர்களும் கண்டனர். ஃபிஃபாவுடனான உரிமம் முடிந்ததால் அப்பெயரைக் கைவிட்ட இஏ நிறுவனத்தின் தொடர், 2023இல் 'இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 24' என்ற பெயரில் வந்தபோது ஆட்டம் மாறாததால் தடையின்றித் தொடர்ந்தது. 2021இல் கொனாமி தன் புகழ்பெற்ற 'பெஸ்' தொடரின் பெயரோடு ஆட்டத்தின் உட்கட்டமைப்பையும் மாற்றி, அரைகுறையாக வெளியிட்ட 'ஈஃபுட்பால்' கடும் கேலிக்கு ஆளானது.

விளம்பரமும் அடுத்த பாகமும் இல்லாமலேயே சுவை பிறக்கும் என்பதற்குத் தமிழர்கள் தூரம் தேட வேண்டியதில்லை. கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட 'வெண்பா', அந்நாட்டில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியே சொல்கிறது. சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டில் எழுத்து அழிந்த இடங்களை ஆட்டக்காரரே ஊகித்து நிரப்ப வேண்டும்; இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் சேரும் என்று சிந்திப்பதே அங்கே ஒரு புதிர். பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை அதற்கு வழங்கியது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் அந்த ஆட்டத்தில், தாயும் மகனும் சேர்ந்து சமைப்பதோடு கதை நிறைவடைகிறது. இரண்டாம் பாகத்துக்கென்று எந்த முடிச்சும் அவிழாமல் விடப்படவில்லை.