பழைய பைலில் கிடக்கும் பணம்: பெட்டி நம்மிடம், திறப்பு எங்கே?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, கப்பல்துறையில் கட்டடப் பொருட்கள் விற்கும் நண்பர் ஒருவர் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துச் சென்றார். கைத்தொலைபேசியைக் காட்டி, "நானா, இந்தாளுக்கு நானூறு டொலர் அனுப்பவா, வேணாமா? மஃரிபுக்குள்ள முடிவு சொல்லு எண்டு நிக்கிறான்" என்றார்.

விடயம் இதுதான். அவருடைய தம்பி 2011 முதல் 2016 வரை டோஹாவில் கணினி திருத்துநராகத் தொழில் செய்தவர். நான்கு வருடங்களுக்கு முன் வபாத்தாகி விட்டார். மனைவி, ஒரு மகன், ஒரு மகள், வயதான உம்மா இருக்கிறார்கள். மகனின் படிப்புக்கு உதவுமா என்று அலுமாரியில் கிடந்த பழைய மடிக்கணினியைத் திறந்து பார்த்தபோது, அதில் 'வொலட்' என்ற பெயரில் ஒரு பைல் இருந்திருக்கிறது. தம்பி அந்த நாட்களில் பிட்கொயின் பற்றி வாய் ஓயாமல் பேசுவார் என்பது நண்பருக்கு நினைவு வர, இணையத்தில் தேடி, 'பழைய வொலட்டை மீட்டுத் தருகிறோம்' என்ற விளம்பரத்துக்கு வட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். பைலின் பெயர் தெரியும் ஒரு படத்தை மட்டும் பார்த்துவிட்டு அந்த ஆள், "இதில் 11 பிட்கொயின் இருக்கிறது. முற்பணம் 400 டொலர். பைலையும், உங்களுக்கு ஞாபகமுள்ள கடவுச்சொற்களையும் அனுப்புங்கள்" என்று பதில் போட்டிருக்கிறார்.

பெட்டியின் வெளிப்புறத்தைப் படம் பிடித்து அனுப்பினால் உள்ளே எத்தனை பவுண் இருக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது. அதனால் அனுப்ப வேண்டாம் என்றேன். ஆனால் அத்தோடு விட்டுவிடவும் எனக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். நான் கணினி படித்தவன் அல்லன், கணக்குப் பார்ப்பவன். கணினி படித்த என் மருமகனைக் கூட்டிக்கொண்டு அன்று பின்னேரமே கண்டி வீதியிலுள்ள அவரது கடைக்குப் போனேன். வெளிநாட்டில் உழைத்த பிள்ளைகள் பலரது வீட்டிலும் இப்படியொரு கணினியோ பென் டிரைவோ கிடக்கலாம் என்பதால் அங்கு கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதலில் விளங்க வேண்டியது, அந்தப் பைலுக்குள் பணம் இல்லை. 2009 ஜனவரியில் ஆரம்பமான பிட்கொயினின் கணக்குப் புத்தகம் ஒன்றுதான். அது உலகம் முழுவதிலுமுள்ள ஆயிரக்கணக்கான கணினிகளில் பிரதியாக இருக்கிறது, யாரும் பார்க்கலாம். எந்த முகவரியில் எவ்வளவு இருக்கிறது என்பது அதில் பதிவாகியிருக்கும். அந்த முகவரியிலிருந்து எடுத்துச் செலவழிக்கும் திறப்பு மட்டுமே வொலட் பைலில் இருக்கிறது. திறப்பு தொலைந்தால் பணம் எங்கும் போவதில்லை. கண்ணுக்குத் தெரிந்தபடி அங்கேயே கிடக்கும், எடுக்கத்தான் முடியாது. வங்கியென்றால் அடையாள அட்டையோடு போய் மனேஜரைப் பார்க்கலாம். இதற்கு மனேஜரும் இல்லை, தலைமை அலுவலகமும் இல்லை.

இந்தப் பைலைப் பூட்டி வைக்கும் வசதி 2011 செப்டெம்பரில் வந்த பதிப்பிலிருந்துதான் உண்டு. அதற்கு முந்திய பைல் என்றால் பூட்டே இல்லை, கையில் எடுத்தவன் சொந்தக்காரன். பிந்திய பைல்களிலும், சொந்தக்காரர் கடவுச்சொல் போட்டிருந்தால் மட்டுமே பூட்டு இருக்கும். அப்படிப் பூட்டினாலும் பூட்டப்படுவது திறப்புகள் மாத்திரம்தான், முகவரிகள் அல்ல. கடவுச்சொல் தெரியாமலேயே முகவரிகளைப் பார்த்து, பொதுக் கணக்குப் புத்தகத்தில் மீதியைச் சரிபார்க்கலாம். இதற்கு ஒரு சதம் செலவில்லை. மீட்புக்காரரிடம் போகிறவர்களில் பலர் இந்த முதல் வேலையைச் செய்யாமலே பேரம் பேசத் தொடங்குகிறார்கள்.

மருமகன் மடிக்கணினியை இணையத்தில் தொடுக்கவே இல்லை. பைலை இரண்டு பென் டிரைவில் பிரதி எடுத்து, மூலத்தைத் தொடாமல் பிரதியில்தான் வேலை செய்தான். பழைய பைலைத் திறக்கும் மென்பொருளிலும் ஒரு சங்கதி இருக்கிறது. 2025 ஒக்டோபரில் வந்த பிட்கொயின் கோர் 30ஆம் பதிப்பு இந்தப் பழைய வகைப் பைலை நேரடியாகத் திறப்பதில்லை, புதிய வகைக்கு மாற்றத்தான் விடுகிறது. ஆகவே அவன் 29ஆம் பதிப்பைப் பயன்படுத்தினான்.

முகவரிகளைப் பார்த்தால் 2013 முழுவதும் சம்பளத்துக்குச் சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியிருக்கிறார். 2013 தொடக்கத்தில் ஒரு பிட்கொயின் 13 டொலர் அளவில் இருந்தது, நவம்பர் இறுதியில் ஆயிரத்தைத் தாண்டியது. அந்த நேரத்தில் பெரும்பகுதியை அவர் விற்றிருக்கிறார். வீட்டுக்குக் கூரை போட்டதும் அந்த நாட்களில்தான் என்று நண்பர் சொன்னார். எஞ்சியிருப்பது 0.37. பதினொன்று அல்ல. ஆனாலும் 2024 டிசம்பரில் முதன்முறையாகத் தொட்ட 1 இலட்சம் டொலர் விலையை வைத்துப் பார்த்தால் 37,000 டொலர். அந்த வீட்டுக்கு அது சிறிய பணமா?

மீதி பார்ப்பதில் ஒரு நுணுக்கம். நீங்கள் ஐயாயிரம் ரூபா தாளைக் கொடுத்து ஆயிரத்துக்குச் சாமான் வாங்கினால் மிச்சம் நாலாயிரம் அதே சட்டைப் பைக்குத்தான் வரும். பிட்கொயினில் மிச்சப் பணம் பெரும்பாலும் புதிய முகவரி ஒன்றுக்குப் போகும். 2016க்கு முந்திய வொலட்கள் இப்படியான 100 திறப்புகளை முன்கூட்டியே செய்து வைத்திருந்தன. அவை தீர்ந்த பிறகு உண்டான திறப்பு பழைய பிரதியில் இருக்காது. எனவே வீட்டில் மூன்று பென் டிரைவில் மூன்று பிரதி கிடைத்தால் மூன்றையும் பாருங்கள். ஒன்றில் பூச்சியம் என்றதும் மற்றதை எறிந்துவிட வேண்டாம். பிரித்தானியாவின் நியூபோர்ட் நகரில் ஜேம்ஸ் ஹோவெல்ஸ் என்பவரின் ஹார்ட் டிஸ்க் 2013இல் தவறுதலாகக் குப்பை மேட்டுக்குப் போய்விட்டது. சுமார் 8,000 பிட்கொயினின் திறப்பு அதில். மேட்டைத் தோண்ட அனுமதி கேட்ட அவரது வழக்கை 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

நண்பரின் பைல் பூட்டப்பட்டிருந்தது. இனிக் கடவுச்சொல். இங்கேதான் கணக்குத் தெரிய வேண்டும். எட்டுச் சிறிய ஆங்கில எழுத்துகளில் அமையக்கூடிய சொற்கள் 20,882 கோடி. நொடிக்கு 1,000 சொல் சோதிப்பதாக வைத்தாலும் ஆறரை வருடம் பிடிக்கும். பெரிய எழுத்தும் இலக்கமும் கலந்தால் சுமார் 6,900 வருடம். ஆகவே 'எந்தப் பூட்டையும் உடைப்போம்' என்பவர் பொய் சொல்கிறார். பூட்டு உடைவதில்லை, போட்டவரின் பழக்கம் தெரிந்தால், சாத்தியமான சொற்கள் கோடி கோடியிலிருந்து சில இலட்சமாகக் குறைகின்றன. அவ்வளவுதான் மீட்பு.

2024இல் வெளியான ஒரு செய்தி இதற்கு நல்ல சான்று. ஐரோப்பாவைச் சேர்ந்த ஒருவர் 2013இல் ரோபோஃபோர்ம் என்ற மென்பொருளைக் கொண்டு 20 எழுத்துக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்கி 43.6 பிட்கொயினைப் பூட்டிவிட்டுச் சொல்லைத் தொலைத்தார். அமெரிக்காவின் ஜோ கிராண்ட் தன் நண்பர் புரூனோவோடு சேர்ந்து ஆராய்ந்ததில், அந்த மென்பொருளின் பழைய பதிப்பு கணினியின் திகதி, நேரத்தை வைத்தே சொல்லை உருவாக்கியது தெரியவந்தது. 2013 மே மாதத்துக்கு நேரத்தைத் திருப்பிச் சொற்களைப் பிறப்பித்து, சரியானதைக் கண்டுபிடித்தார்கள். மறுபக்கம், ஸ்டீபன் தோமஸ் என்ற நிரலாளரின் 7,002 பிட்கொயினுக்கான திறப்பு, பத்துத் தடவை பிழைத்தால் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும் ஒரு கருவிக்குள் இருக்கிறது. எட்டுத் தடவை பிழைத்துவிட்டதாக 2021இல் செய்தி வந்தது. நம் வொலட் பைலுக்கு அந்தத் தடவைக் கணக்கு இல்லை. எத்தனை முறையும் முயலலாம்.

வெளியாரின் உதவி தேவைப்பட்டால்? நேர்மையானவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் முற்பணம் கேட்பதில்லை. திறந்தால் சுமார் 20 வீதம் எடுப்பது வழக்கம். முழுப் பைலையும் கொடுக்க வேண்டியதும் இல்லை. பிடிசிரெகவர் போன்ற இலவச மென்பொருளோடு வரும் ஒரு சிறு நிரல், கடவுச்சொல்லைச் சோதிக்கத் தேவையான துண்டை மட்டும் பைலிலிருந்து பிரித்துத் தரும். அந்தத் துண்டை வைத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கலாம். பணத்தை எடுக்க முடியாது, ஏனெனில் திறப்புகள் உள்ள பைல் நம்மிடமே இருக்கிறது. பைல், கடவுச்சொல் இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுப்பது, கடைச் சாவியோடு லாச்சி சாவியையும் தெரியாதவனிடம் கொடுத்துவிட்டு உம்ராவுக்குப் போவது மாதிரி.

இன்னொரு ஏமாற்றையும் சொல்லிவிடுகிறேன். 'பூட்டிய வொலட், உள்ளே 50 பிட்கொயின், கடவுச்சொல் மறந்துவிட்டது, மலிவாகத் தருகிறேன்' என்று பைலையே விற்கிறார்கள். முகவரியைப் பார்த்தால் மீதி உண்மையாகவே தெரியும். ஆனால் வேறு எவருடையதோ முகவரியைப் பைலுக்குள் எழுதி வைத்திருப்பார்கள், அதற்குரிய திறப்பு இருக்காது. சும்மா கிடைத்தாலும் வேண்டாம். அதேபோல் பணம் வொலட் பைலில் அல்லாமல் இணையப் பரிமாற்ற நிறுவனத்தில் இருந்திருந்தால் பைல் தேடிப் பயனில்லை. 2014 பெப்ரவரியில் வீழ்ந்த ஜப்பானின் மவுண்ட் கொக்ஸ் நிறுவனத்தில் போட்டவர்களுக்கு 2024 ஜூலையில்தான் பிட்கொயினைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. மெய்நிகர் நாணயத்துக்கு வங்கி அட்டைகளைப் பயன்படுத்த இலங்கை மத்திய வங்கியின் 2021ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பணிப்புரை இடமளிக்கவில்லை. ஆகவே மீட்ட பணத்தைக் கொண்டுவரும் முன் உங்கள் வங்கியிடம் எந்த ஆவணம் கேட்பார்கள் என்று விசாரித்து வையுங்கள். வாங்கிய காலத்துச் சம்பளச் சீட்டுகளைக் கிழிக்க வேண்டாம். சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஒக்டோபரில் வசீர்எக்ஸ் வழக்கொன்றில் இவ்வகை நாணயமும் சொத்துத்தான் என்று சொன்னது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் கவனிக்கத் தக்கது. சொத்து என்றால் வாரிசுரிமை வரும். 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டம் வரும். கடன் கழித்து உம்மாவுக்கு ஆறில் ஒன்று, மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. மகன் இருப்பதால் நண்பருக்குப் பங்கில்லை. இதை நான் சொல்லத் தயங்கினேன். "அது எனக்குத் தெரியும் நானா, அந்தப் புள்ளைகளுக்குத்தானே" என்றார்.

தம்பியின் பழைய டயறி, மோட்டார் சைக்கிள் இலக்கம், பிள்ளைகளின் பெயர், பாடசாலைப் பெயர் எல்லாம் சேர்த்து மருமகன் ஒரு பட்டியல் போட்டான். மூன்று கோடிச் சேர்க்கைகள் வந்தன. கடைப் பின்னறையில் ஒரு கணினி நொடிக்கு நூறு சொல் வீதம் மூன்றரை நாள் ஓடியது. திறக்கவில்லை. அதன் பிறகுதான் யாரும் இதுவரை கேட்காத ஒருவரைக் கேட்டோம். தம்பியின் மனைவி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவர் எந்தப் பேரை எழுதினாலும் முதல் எழுத்தை ரெண்டு தரம் போடுவார், கடைசியில டோஹா ரூம் நம்பரையும் போடுவார்" என்றார். அறை இலக்கம் அவருக்கு ஞாபகமில்லை. அவர் அனுப்பிய பழைய கடித உறைகள் உம்மாவின் பெட்டியில் இருக்குமாம்.

உறைகள் கிடைத்துவிட்டன, ஐந்து வருடத்தில் மூன்று அறை மாறியிருக்கிறார். புதிய பட்டியல் நேற்று இஷாவுக்குப் பிறகு ஓடத் தொடங்கியது.