விபத்துக்குப் பின் நீங்கள் கேட்டுப் பெற வேண்டிய ஆவணங்கள்



பிழைப்பைத் தேடி மும்பையிலும் டெல்லியிலும் பெங்களூரிலும் குடியேறிய நம் குடும்பங்களுக்குச் சாலை விபத்து என்பது செய்தித்தாளில் மட்டும் வாசிக்கும் காரியமல்ல. விபத்து நேரிட்டவுடன் முதல் சில நாட்கள் மருத்துவமனையிலேயே கழிந்துவிடுகின்றன. மரணம் சம்பவித்தாலோ, சரீரத்தை ஊருக்குக் கொண்டுபோகும் அலைச்சலில் மற்ற யாவும் மறந்துபோகின்றன. சில மாதங்கள் சென்றபின், "இழப்பீடு கேட்கலாமே" என்று யாராவது சொல்லும்போது, குடும்பத்தாரின் கையில் ஒரு தாளும் இருப்பதில்லை. விபத்து நடந்த நகரமோ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. இந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இக்கட்டுரை.

முதல் தகவல் அறிக்கை

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதன் 173-ஆம் பிரிவின்படி, விபத்து எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். எழுதப்பட்டதை உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதன் நகலைத் தகவல் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ உடனடியாக, இலவசமாகக் கொடுக்க வேண்டும். நகலுக்குப் பணம் கேட்க யாருக்கும் அதிகாரமில்லை.

அறிக்கை மராத்தியிலோ கன்னடத்திலோ இருக்கும். ஆகவே அந்த மொழி அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பெயர், தகப்பனார் பெயர், வயது, தொழில், வாகன எண் ஆகியவற்றைச் சரிபார்த்த பின்னரே கையெழுத்திடுங்கள். நம் பெயரின் முதலெழுத்து வேறு மாநிலத்தவருக்குக் குழப்பம் தருவது. ஆதார் அட்டையில் ஒரு பெயரும் அறிக்கையில் மற்றொரு பெயரும் இருந்தால், பின்னாளில் இன்ஷூரன்ஸ் நிறுவனம் அதையே தடையாகக் காட்டக்கூடும்.

காவல் நிலையத்தில் பதிவுசெய்ய மறுத்தால், தகவலை எழுத்து மூலமாக உயர் காவல் அதிகாரிக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டை அணுகலாம். 2016-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, அந்தரங்கத் தன்மையுள்ள வழக்குகள் தவிர மற்ற அறிக்கைகளைக் காவல்துறையின் இணையதளத்திலும் வெளியிட வேண்டும். நேரில் போக முடியாதவர்கள் அங்கே தேடிப் பார்க்கலாம்.

காவல்துறை தரவேண்டிய மற்ற அறிக்கைகள்

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதிகள் விசாரணை அதிகாரிக்குக் கால வரையறைகளை விதித்துள்ளன. விபத்துத் தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையை அவர் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவரின் உரிமைகளை விளக்கும் படிவத்தைப் பத்து நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். 50 நாட்களுக்குள் இடைக்கால அறிக்கையும், 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையும் தாக்கலாக வேண்டும். இவற்றின் நகல்களை விசாரணை அதிகாரியிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

மோதிய வாகனத்தின் உரிமையாளர், இன்ஷூரன்ஸ் ஆகிய விவரங்களை, இழப்பீடு கோருபவர் கேட்டால் கொடுப்பது காவல் நிலையத்துக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் கடமையென மோட்டார் வாகனச் சட்டத்தின் 160-ஆம் பிரிவு கூறுகிறது. இவற்றுடன் சம்பவ இடத்துப் பஞ்சநாமா, காயச் சான்றிதழ் அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, மருத்துவச் செலவு ரசீதுகள் ஆகியவையும் அவசியம். அருகிலுள்ள கேமராப் பதிவுகள் சீக்கிரத்தில் அழிந்துபோகும். அவற்றைப் பாதுகாக்கும்படி முதல் நாளிலேயே விசாரணை அதிகாரிக்கு மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் நகலில் வாங்குங்கள்.

சாலையின் குறையால் நேர்ந்ததா?

பள்ளத்தாலோ மூடப்படாத குழியாலோ விபத்து நேர்ந்திருந்தால், ஆதாரம் மாநகராட்சி அலுவலகத்தில் இருக்கிறது. அங்கே 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் உங்களுக்குத் துணை. மனுவை ஆங்கிலத்திலோ இந்தியிலோ அந்தப் பகுதியின் ஆட்சிமொழியிலோ எழுதலாம். எழுத இயலாதவருக்கு எழுதிக்கொள்ள உதவுவது பொதுத் தகவல் அலுவலரின் கடமை. காரணம் சொல்லவேண்டிய அவசியமில்லை. மத்திய அரசு அலுவலகங்களில் கட்டணம் 10 ரூபாய். மாநில அலுவலகங்களில் கட்டணமும் செலுத்தும் முறையும் அந்தந்த மாநில விதிப்படி அமையும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்குக் கட்டணமில்லை. மகாராஷ்டிராவில் மனு ஒரே பொருளைப் பற்றியதாகவும், சாதாரணமாக 150 சொற்களுக்கு மிகாமலும் இருக்க வேண்டும்.

"ஏன் பள்ளத்தை மூடவில்லை?" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. பதிவேட்டில் உள்ளதைக் கேளுங்கள். "இன்ன சாலையைக் கடைசியாகச் செப்பனிட்ட பணி உத்தரவின் நகல், ஒப்பந்ததாரரின் பெயர், இன்ன தேதிக்கு முந்தைய ஆறு மாதங்களில் வந்த புகார்களின் நகல்" என்று எழுதினால், மறுப்பது கடினம்.

முப்பது நாட்களுக்குள் பதில் வரவேண்டும். வராவிட்டாலோ பதில் திருப்தியளிக்காவிட்டாலோ அடுத்த 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடும், அதன்பின் 90 நாட்களுக்குள் தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். விசாரணைக்கு இடையூறாகும் தகவலையும் பிறருடைய சொந்த விவரங்களையும் மறுக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் உங்களுக்கே உரிய விபத்து அறிக்கைகளுக்கு இந்த வழியில் சுற்றவேண்டியதில்லை. அவற்றைக் காவல் நிலையத்திலேயே உரிமையுடன் கேட்கலாம்.

ஊருக்குத் திரும்புமுன்

இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பது சட்டத்தில் உள்ள வரம்பு. இதை எதிர்த்த வழக்குகளில், தாமதத்தைக் காட்டி மனுக்களைத் தள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவிட்டது. ஆயினும் அதை நம்பிக் காலம் கடத்துவது புத்தியல்ல.

ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. விபத்து நடந்த நகரத்தில்தான் வழக்கு நடத்த வேண்டும் என்பதில்லை. மனுதாரர் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் தாக்கல் செய்யலாம். கணவனை மும்பையில் இழந்து திருநெல்வேலிக்குத் திரும்பும் சகோதரி, திருநெல்வேலியிலேயே நியாயம் கேட்கலாம். ஆனால் ஆவணங்கள் மும்பையில் இருக்கின்றன. ஆகவே ஊருக்குப் புறப்படுமுன் வழக்கு எண், காவல் நிலையத்தின் பெயர், விசாரணை அதிகாரியின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிக்கொள்ளுங்கள். மீதி நகல்களைப் பெற்று அனுப்பும் பொறுப்பை, அங்கே இருக்கும் நம்பிக்கைக்குரிய ஒருவருக்குக் கையெழுத்திட்ட கடிதத்துடன் ஒப்படையுங்கள். சபையில் அந்த ஊர் மொழி அறிந்த வாலிபர்கள் இருந்தால், துக்க வீட்டுக்கு அவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இது.

மருத்துவமனை வாசலிலேயே வந்து நிற்கும் தரகர்களிடம் எச்சரிக்கையாயிருங்கள். வெற்றுத் தாளிலோ, வாசித்துப் பாராத வக்காலத்திலோ கையெழுத்திடாதீர்கள். பெண்கள், சிறுவர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு அரசின் சட்டப் பணிகள் ஆணையம் இலவசமாக வழக்கறிஞரை ஏற்படுத்தித் தருகிறது. அதற்கான தொலைபேசி எண் 15100. இந்த எண்ணை இன்றே உங்கள் வீட்டு நாட்காட்டியின் ஓரத்தில் குறித்து வையுங்கள்.