கருமணலிலிருந்து காந்தம் வரை

 இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தின் வட எல்லையில், புல்மோட்டைக் கரையில், காற்றாலைக் காந்தத்துக்கான மூலப்பொருள் மணலாகக் கிடக்கிறது. கனிய மணல் கூட்டுத்தாபனம் 1957இல் அமைக்கப்பட்டது இந்த மணலுக்காகத்தான். இதில் ஏறத்தாழ 70 வீதம் இல்மனைற். ரூற்றைலும் சிர்க்கனும் சிறு பங்கு. காந்தத்துக்கு வேண்டிய மொனசைற் ஆயிரத்தில் 3 பங்கு அளவே.

முதல் வேலை அள்ளுவது. வாடைக்காற்றுக் காலத்து அலை கனத்த மணிகளைக் கரையில் விட்டு, இலேசான வெண்மணலை இழுத்துச் செல்கிறது. கடலே பாதி பிரித்துத் தருவதால்தான் மணல் இவ்வளவு செறிவானது. இயந்திர வாளி சுரண்டுமுன் அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் அகற்றப்படுகின்றன. மணல்மேட்டைக் கட்டிப் பிடித்திருப்பவை அவைதாம். எனவே, மிஞ்சும் வெண்மணலைக் குழியிற் கொட்டி, மட்டம் பார்த்து நிரவி, கொடியை மீண்டும் நட்டால்தான் அகழ்வு வேலை முடிந்ததாகும். அதை விட்டுவிட்டால் கரை தாழும், அலை உள்ளே ஏறும், கரைவலை இழுக்க இடம் இராது, கிணறு உவராகும். மன்னார்த் தீவில் 2025இல் மக்கள் காற்றாலைக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக ஒருசேரப் போராடியதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம்.

அடுத்தது கழுவுதல். அரித்த மணலை நீரோடு கலந்து, சுற்றிச் சுற்றி இறங்கும் சரிவான தொட்டியின் உச்சியில் விடுகிறார்கள். வெண்மணலான குவார்ட்ஸ் நீரைப்போல் 2.65 மடங்கு அடர்த்தி உடையது. அது வெளி விளிம்புக்கு ஒதுங்கும். இல்மனைற் 4.7 மடங்கு, மொனசைற் 5 மடங்குக்கும் மேல். அவை உள்விளிம்பிலேயே இறங்கும். நீரும் சரிவும் போதும், இரசாயனம் எதுவும் தேவையில்லை.

பின்னர் 100 பாகை செல்சியசுக்கு மேல் சுழல் உலையில் உலர்த்தி, காந்த உருளைகளில் செலுத்துகிறார்கள். பழைய கணினி வன்தட்டின் சிறு காந்தத்தைக் கடதாசியில் சுற்றி உலர்ந்த கருமணலின் மேல் பிடித்தால் இதைக் கையாலேயே செய்து பார்க்கலாம். கறுத்த மணிகள் மயிர் சிலிர்த்ததுபோல எழுந்து ஒட்டும். செம்பழுப்பு ரூற்றைலும் நிறமற்ற சிர்க்கனும் அசையாமல் கிடக்கும். அந்தக் காந்தமும் மொனசைற் போன்ற கனியத்திலிருந்து வந்ததே. எஞ்சிய மணிகள் உயர் மின்னழுத்த உருளைக்குப் போகின்றன. மின்னைக் கடத்தும் ரூற்றைல் ஏற்றத்தை இழந்து தெறித்து விழ, கடத்தாத சிர்க்கனும் மொனசைற்றும் உருளையோடு ஒட்டிச் சுற்றிவந்து தூரிகையால் துடைக்கப்படுகின்றன. மொனசைற் மெல்லிய காந்தத்தன்மை உடையது. இன்னும் வலிய காந்தம் அதைச் சிர்க்கனிலிருந்து பிரித்துவிடும்.

மொனசைற்றை உடைக்கும் ஆலை இலங்கையில் இல்லை. கேரளத்தின் ஆலுவாயில் 1952இல் அப்படி ஓர் ஆலை தொடங்கியது. மாவாக அரைத்த கனியத்தைச் செறிந்த எரிசோடாக் கரைசலில் ஏறத்தாழ 140 பாகையில் சில மணிநேரம் வேகவைத்தால், பொசுபேற்று கரைந்து பிரியும். நியோடைமியம் உள்ளிட்ட அருமண் உலோகங்களும் கதிரியக்கமுள்ள தோரியமும் சேறாகத் தங்கும். அச்சேற்றில் ஐதரோகுளோரிக் அமிலத்தை அளந்து விட வேண்டும். அளவு சரியானால் அருமண்கள் கரையும், தோரியம் கரையாது. இந்தச் செயல்முறையின் மிக நுட்பமான இடமும், மிக ஆபத்தான இடமும் இதுவே. மலேசியாவின் ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் 1982இல் தொடங்கிய அருமண் ஆலையின் கதிரியக்கக் கழிவுக்கு எதிராக ஊரார் 1985இல் வழக்குத் தொடுத்தனர். குழந்தைகளிடம் கண்ட இரத்தப் புற்றுநோய்க்கு ஆலையையே பொறுப்பாக்கினர். 1994இல் ஆலை மூடப்பட்டது.

கரைந்த அருமண்களை அமிலத்துக்கும் எண்ணெய்க் கரைப்பானுக்கும் இடையே திரும்பத் திரும்ப மாற்றி, நியோடைமியத்தைத் தனியாக்குகிறார்கள். அதை உலோகமாக்கி, நியோடைமியம் 2, இரும்பு 14, போரன் 1 என்ற அணு விகிதத்தை ஒட்டி உருக்குகிறார்கள். 3 முதல் 5 மைக்ரோன் தூளாக அரைத்து, காந்தப்புலத்தில் அழுத்தி, ஏறத்தாழ 1,050 பாகையில் இறுக்கிச் சுடுகிறார்கள். துருப்பிடிக்காதிருக்க நிக்கல் முலாம்.

பற்சக்கரம் இல்லாத நேரடி இயக்கக் காற்றாலைக்கு ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 600 கிலோ காந்தம் வேண்டும். 3 மெகாவாட்டுக்கு 1,800 கிலோ. அதில் 550 கிலோ அளவு அருமண். அதைப் பெற 6 தொன் அளவு மொனசைற்றும், புல்மோட்டை விகிதத்தில் 2,000 தொன் கருமணலும் தேவை. அந்த 6 தொன்னிலிருந்து அரைத் தொன் அளவு தோரியமும் வெளியே வரும். அதைக் காங்கிரீற்று அறையில் அடைத்து, கதிர்வீச்சை அளந்துகொண்டே இருக்க வேண்டும். புக்கிட் மேராவில் கழிவைப் புதைத்து நிலத்தைத் துப்புரவாக்கும் வேலை, ஆலை மூடிய பின்னும் பல ஆண்டுகள் நீடித்தது.