சிறகு இருந்தால் போதுமா?



தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு டிப்ளமோ சேர்ந்தவர்களுக்கு முதல் வருஷம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. "ஏதாவது இங்கிலீஷ் கதைப் புத்தகம் படிம்மா, தானா வரும்" என்றார் எங்கள் இங்கிலீஷ் சார். பழைய புத்தகக் கடையில் அறுபது ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினேன். அட்டையில் கறுப்பு உடை போட்ட ஒரு பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். டிக்‌ஷனரியும் கையுமாகப் படித்து முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. அமெரிக்க எழுத்தாளர் லாரன் கேட் எழுதிய 'ஃபாலன்' என்ற நாவல் அது. பிறகு அதே ரகத்தில் இன்னும் சிலவற்றைத் தேடிப் படித்தேன். அவற்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நம்ம ஊரில் தேவதை என்றால் பெண். இந்தக் கதைகளிலோ பெரும்பாலும் ஆண்! வானத்திலிருந்து தள்ளப்பட்ட தேவதூதன், பதினேழு வயதுப் பையன் உருவத்தில் பள்ளிக்கூடத்துக்கு வருகிறான். ஒரு சாதாரணப் பெண்ணைக் காதலிக்கிறான்.

இவை எப்படிப் பெருகின? 2005இல் வெளிவந்த 'ட்விலைட்' நாவலில் ஸ்டெஃபனி மேயர் ஒரு ரத்தக்காட்டேரியைக் காதலனாக்கினார். அதன் நான்காம் பாகம் 2008இல் வந்தது. அடுத்த வருஷமே தேவதூதர்கள் இறங்கிவிட்டார்கள். 2009இல் பெக்கா ஃபிட்ஸ்பாட்ரிக்கின் 'ஹஷ், ஹஷ்', அதே ஆண்டில் 'ஃபாலன்'. 2010இல் 'ஹேலோ'. அதை எழுதிய ஆஸ்திரேலியப் பெண் அலெக்ஸாண்ட்ரா அடோர்னெட்டோவுக்கு அப்போது வயது 18. என் வயது! அந்தக் கதையில் மட்டும் மாற்றி, தேவதூதர் பெண், காதலன் மனிதன்.

ஒர்க்‌ஷாப்பில் எந்திரத்தைக் கழற்றிப் பார்ப்பது போல இந்தக் கதைகளையும் கழற்றிப் பார்த்தேன். பாகங்கள் பல கதைகளில் ஒன்றுதான். முதலில் புதுப் பள்ளி, அல்லது வகுப்பில் புது இடம். அடுத்து, முகம் கொடுத்துப் பேசாத அழகன். அவனிடம் ஒரு ரகசியம். கடைசியில், அவனைக் காதலித்தால் அவள் உயிருக்கே ஆபத்து. 'ஃபாலன்' கதாநாயகி லூஸ் பல பிறவி எடுத்தவள். ஒவ்வொரு பிறவியிலும் டேனியலைக் காதலித்து இளம் வயதிலேயே இறந்து போகிறாள். 'ஹஷ், ஹஷ்' நாயகன் பாட்ச், நோராவைக் கொன்றால் தான் மனிதனாகலாம் என்ற எண்ணத்தோடுதான் அவளை நெருங்குகிறான்!

டேனியலின் குடும்பப் பெயர் கிரிகோரி. 'விழித்துக் காவல் காப்பவர்கள்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். அதன் வேர் 'ஏனோக்கு' என்ற மிகப் பழைய யூத நூலில் இருக்கிறது. பைபிளில் ஆதியாகமம் 6ஆம் அதிகாரத்தில் சில வரிகளில் வரும் செய்தியை அந்த நூல் விரித்துச் சொல்கிறது. இருநூறு தேவதூதர்கள் எர்மோன் மலைமேல் இறங்கி, மனிதப் பெண்களை மணக்கிறார்கள். எத்தியோப்பியத் திருச்சபை இந்த நூலை வேதமாகவே காப்பாற்றி வைத்திருந்தது. 1773இல் ஜேம்ஸ் புரூஸ் என்ற பயணி அங்கிருந்து பிரதிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். 1821இல் ஆங்கிலத்தில் வந்தது.

அதில் ஒரு செய்தி என்னை உட்கார வைத்துவிட்டது. அந்தத் தேவதூதர்கள் செய்த குற்றம் காதல் மட்டுமல்ல. மனிதருக்கு வித்தை சொல்லிக் கொடுத்ததும் குற்றம்! அசாசேல் என்பவன் உலோகத்தை உருக்கிக் கத்தியும் கேடயமும் செய்யக் கற்றுத் தந்தானாம். எங்க அப்பா கொல்லுப்பட்டறையில் அரிவாள் அடிப்பவர். நான் படிப்பது மெக்கானிக்கல். எங்கள் வீட்டுச் சோறே அந்தக் குற்றத்தில் வந்ததுதான் போலிருக்கிறது!

இப்போது நாவல்களுக்கு வாருங்கள். பழைய தூதன் சொல்லிக் கொடுத்தான். புதிய தூதன் மறைக்கிறான். லூஸ் யார், அவளுக்கு என்ன நேரும் என்பது டேனியலுக்குத் தெரியும். அவளிடம் சொல்ல மாட்டான். கேட்டால், அவள் நல்லதுக்காம். நோரா தன் இடத்தை மாற்றித் தரும்படி ஆசிரியரிடமே கேட்கிறாள், கிடைக்கவில்லை. அவன் பின்தொடர்வதை, பார்ப்பதை, பயமுறுத்துவதையெல்லாம் கதை காதல் கணக்கில் எழுதிவிடுகிறது. படிக்கும்போது எனக்கும் இனித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே நாட்களில் என் பஸ்ஸில் ஒருவன் மூன்று மாதமாகப் பின்னால் வந்துகொண்டிருந்தான். பேசியதில்லை. "பாவம்டி, உண்மையான லவ்" என்றார்கள் தோழிகள். வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று எனக்கு நடுக்கம். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். ஒருநாள் சாப்பாடு இறங்காமல் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா திட்டவில்லை. "அவன் உன்கிட்ட ஏதாச்சும் கேட்டானா? இல்ல, சும்மா பின்னாடியே வர்றானா?" என்றார். மறுநாள் அம்மாவே என்னோடு பஸ் ஏறி, அவன் முன்னால் போய் நின்று, "என்னப்பா வேணும்?" என்று கேட்டார். அவனிடம் பதில் இல்லை. அதன் பிறகு அந்த பஸ்ஸில் அவன் வரவில்லை.

பள்ளிக்கூடமே போகாத என் அம்மாவின் கேள்வியை வைத்து எல்லா நாவல்களையும் மறுபடி அளந்து பார்த்தேன். சில தேறின. 2011இல் வந்த மூன்றாம் பாகமான 'பேஷன்' நாவலில் லூஸ், யாரும் சொல்லாவிட்டால் போகட்டும் என்று, தன் பழைய பிறவிகளுக்குள் தானே போய் உண்மையைத் தேடுகிறாள். சூசன் ஈ எழுதிய 'ஏஞ்சல்ஃபால்' கதையில் ராஃபே என்ற தூதனின் சிறகுகள் வெட்டப்பட்டுவிடுகின்றன. தங்கையைத் தேடிப் போகும் பென்ரின் அவனோடு பேரம் பேசுகிறாள். சிந்தியா ஹாண்டின் 'அன்எர்த்லி'யில், காட்டுத் தீயில் ஒருவனைக் காப்பாற்றுவதே கிளாராவின் கடமை என்று தரிசனம் வருகிறது; அவள் மனமோ வேறொருவன் பக்கம் போகிறது. இங்கெல்லாம் பெண் கேட்கிறாள், அறிகிறாள், தானே முடிவெடுக்கிறாள்.

தோழிகளே, இந்தக் கதைகளைத் தாராளமாகப் படியுங்கள். இங்கிலீஷ் வரும், எனக்கு அரியர் இல்லாமல் போனதில் இவற்றுக்கும் பங்கு உண்டு. தோழர்களே, நீங்களும் படியுங்கள். படித்துவிட்டு, பஸ் ஸ்டாப்பில் நிற்கும் முன் என் அம்மாவின் கேள்வியை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். சிறகு இருக்கிறதா என்பது அப்புறம். வாய் திறந்து கேட்டாயா, அவள் சொன்ன பதிலைக் காதில் வாங்கினாயா என்பதே முதல் கேள்வி.