கீறலுக்கு எக்ஸ்ட்ரா காசு!

புது பைக் வாங்கிய மூன்றாம் நாள். பெட்ரோல் டாங்க்கில் சின்னதாக ஒரு கீறல். பக்கத்து வண்டிக்காரரின் சாவியா, ஸ்டாண்டில் யாராவது இடித்ததா, தெரியாது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. சீட்டின் பாலிதீன் கவரை ஆறு மாதம் கழற்றாமல், வெயிலில் வழுக்கிக்கொண்டே ஆபீஸ் போகிற ரகம் நாம். டி.வி. ரிமோட்டுக்குக்கூட உறை தைத்துப் போடுகிறவர்கள்.

இதே உலகத்தில், புத்தம்புதுச் சாமானைக் கையில் வாங்கி, "என்னங்க, ஒரு கீறல்கூட இல்லையே?" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். கீறல் போட்டுத் தரத் தனியாகக் காசும் கொடுக்கிறார்கள். நம்பவில்லையா? அமெரிக்காவில் எலெக்ட்ரிக் கிடார் விற்கிற பெரிய கடை எதிலாவது நுழைந்து பாருங்கள்.

பெயிண்ட் உரிந்து உள்ளே மரம் தெரியும். ஸ்க்ரூ துருப்பிடித்திருக்கும். வெள்ளையாக இருக்கவேண்டிய குமிழ் பழுப்பேறியிருக்கும். எல்லாம் போன மாதம் ஃபாக்டரியில் செய்தது! விலை? பக்கத்தில் பளபளவென்று தொங்குகிற புதுக் கிடாரைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

நான் பி.காம். தேய்மானம் என்று ஒரு பாடம் நடத்தினார்கள். மேஜையோ மெஷினோ, வருஷா வருஷம் மதிப்பைக் குறைத்து எழுதவேண்டும். ஸ்ட்ரெய்ட் லைன் மெதடா, டிமினிஷிங் பேலன்ஸ் மெதடா என்பதில்தான் சண்டையே. தேய்மானத்தை முன்கூட்டியே செய்து, அதையும் விலையில் கூட்டி விற்கலாம் என்று எந்த லெக்சரரும் சொல்லித் தரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கதையின் தொடக்கத்தில் இருப்பவரே ஒரு கணக்கர்தான். பெயர் லியோ ஃபெண்டர். கலிபோர்னியாக்காரர். அக்கவுண்டன்ஸி படித்து, கணக்கு எழுதிப் பிழைத்து, வேலை போனதும் 1938-ல் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர். கிடார் வாசிக்கவே தெரியாது. ஆனால் எலெக்ட்ரிக் கிடார் என்றதும் நம் கண்முன் வருகிற உருவம், 1954-ல் அவர் கம்பெனி வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர்தான். அன்றைய விலை 249 டாலர் 50 சென்ட். 1965-ல் கம்பெனியையே சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார்.

முதலாளி மாறியதும் தரம் இறங்கிவிட்டது என்று வாசிப்பவர்கள் முணுமுணுத்தார்கள். 'பழசுதாம்ப்பா கிடார்' என்ற பேச்சு கிளம்பியது. 1970-ல் எரிக் கிளாப்டன் நாஷ்வில் நகரத்துக் கடை ஒன்றில் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை மொத்தமாக வாங்கினார். மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்தார். மிச்சம் மூன்றைப் பிரித்து, நல்ல பாகமாகப் பொறுக்கிச் சேர்த்து ஒரே கிடாராக்கினார். கறுப்பு நிறம் என்பதால் 'பிளாக்கி' என்று பெயர். 2004-ல் ஏலத்தில் அது 9 லட்சத்து 59 ஆயிரத்து 500 டாலருக்குப் போயிற்று.

சரி, கிளாப்டனிடம் பிளாக்கி இருந்தது. ஆசைப்படுகிற மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

ஃபெண்டர் கம்பெனியின் 'கஸ்டம் ஷாப்' பிரிவில் ஒரு கதை உலவுகிறது. ரோலிங் ஸ்டோன்ஸ் கீத் ரிச்சர்ட்ஸுக்குப் பழைய மாடல்படி கிடார்கள் செய்துகொடுத்தார்களாம். "ரொம்பப் புதுசா இருக்கு, கொஞ்சம் அடிச்சுக் கொடுங்க" என்றாராம் அவர். அடித்துக் கொடுத்தார்கள். அடித்ததே வியாபாரமாயிற்று. 1995 ஜனவரியில் ஒரு கண்காட்சியில், வேண்டுமென்றே கிழடாக்கிய இரண்டு கிடார்களை வைத்தார்கள். ஏதோ மியூசியத்துப் பழசு என்று நினைத்துக் கடந்துபோனவர்கள்கூட உண்டு என்பார்கள். ஆர்டர் குவிந்தது. புனிதர்களின் எலும்பையும் உடுப்பையும் பேழையில் வைத்துப் போற்றுகிறார்களே, அதற்கு இங்கிலீஷில் 'ரெலிக்' என்று பெயர். அதையே இந்தக் கிடாருக்கும் வைத்தார்கள். ஆரம்ப வருஷங்களில், உடம்பும் கழுத்தும் கலிபோர்னியாவிலிருந்து மிசௌரி மாநிலத்துக்குப் போகும். அங்கே வின்ஸ் குனெட்டோ என்பவர் பெயிண்ட் அடித்து, 'வயசாக்கி'த் திருப்பி அனுப்புவார்.

எப்படி வயசாக்குகிறார்கள்?

முதலில் பெயிண்ட். ஐம்பதுகளில் அடித்தது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். அந்தக் காலத்தில் காருக்கு அடித்த சரக்கு. பழைய சினிமா ஃபிலிம் சுருள் குப்பென்று தீப்பிடிக்கும் என்பார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான். மெல்லிசாகப் படியும். வருஷக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும். வெள்ளை, மஞ்சளாகும். நீலத்தின் மேலே பூசிய நிறமில்லாத பூச்சு மஞ்சளடித்து, நீலமே பச்சையாகத் தெரியும். குளிரும் சூடும் மாறி மாறிப் பட்டால் மரம் ஒரு கணக்கில் சுருங்கும், லாக்கர் வேறு கணக்கில் சுருங்கும். தலைமுடி மாதிரி வெடிப்புகள் ஓடும். அறுபதுகளின் கடைசியில் வந்த பாலியெஸ்டர் பூச்சு அப்படியல்ல. கண்ணாடி மாதிரி தடியாக உட்கார்ந்துகொள்ளும், லேசில் தேயாது. ஆகவே பொய்க் கிழவனைத் தயார் பண்ண முதல் நிபந்தனை நைட்ரோ.

லாக்கரைப் பல வாரம் காயவிட்டு, உடம்பை ஃப்ரீஸரில் வைக்கிறார்கள். எடுத்த கையோடு சூட்டுக் காற்று. அல்லது, கம்ப்யூட்டரில் தூசு ஊதுகிற ஸ்ப்ரே டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து அடிக்கிறார்கள். உறைகிற குளிர்ச்சியில் திரவம் பீச்சும். லாக்கர் தாங்காமல் கோடு கோடாக வெடிக்கும். நாற்பது வருஷ வேலை, நாலு நிமிஷத்தில்!

அடுத்தது தேய்மானம். கெட்டிக்காரனுக்கும் அவசரக்காரனுக்கும் வித்தியாசம் தெரிகிற இடம். அவசரக்காரன் உப்புத்தாளை எடுத்துக் கண்ட இடத்தில் தேய்ப்பான். கிடாரை நாய் கடித்த மாதிரி இருக்கும். கெட்டிக்காரன் முதலில் கிடாரை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பான். வலது முன்கை உரசுவது எங்கே? மேல் விளிம்பில். பெல்ட் பக்கிள் இடிப்பது? முதுகில். கட்டைவிரல் ஏறி இறங்குவது? கழுத்தின் பின்னால். அங்கேதான் தேய்க்கவேண்டும். முன்பக்கத்துப் பிளாஸ்டிக் தகட்டுக்குக் கீழே பெயிண்ட் புதுசாகவே இருக்கவேண்டும். அங்கே யார் கை பட்டது?

தேய்த்த இடத்தில் மரம் வெள்ளை வெளேரென்று இருந்தால் குட்டு உடைந்துவிடும். நாற்பது வருஷ வியர்வையும் அழுக்கும் எங்கே என்று கேட்பார்கள். கறுப்பு, பழுப்புச் சாயம் தடவித் துடைக்கிறார்கள். ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு காரணம் இருக்கவேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலின் சட்டம். நம் லீவ் லெட்டர் மாதிரி. பொய்யாக இருக்கலாம், பொருத்தமாக இருக்கவேண்டும்.

உலோகப் பாகங்களை மூடிய டப்பாவுக்குள் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியில் வைத்தால், நிக்கல் மங்கி ஸ்க்ரூ துருவேறும். திறந்தவெளியில், கையுறை, முகமூடியோடு செய்யவேண்டிய காரியம். ஷெட்டுக்குள் செய்தால் சுவரில் மாட்டிய ஸ்பானர், ரம்பம் எல்லாமே சேர்ந்து 'ரெலிக்' ஆகிவிடும். வெள்ளைக் குமிழ்களை டீயிலோ காபியிலோ ஊறப்போட்டுப் பழுப்பாக்குகிறவர்கள் உண்டு. (நம் வீட்டில் டிகாக்‌ஷனைத் தொட்டுப் பாருங்கள், தெரியும்.)

1998-ல் இதற்கு கிரேடு வேறு பிரித்தார்கள். அன்றைக்கே கடையில் வாங்கினது மாதிரி ஒன்று. வாங்கிக் கொஞ்ச நாள் வாசித்துவிட்டுப் பரண்மேல் போட்டது மாதிரி ஒன்று. ஊர் ஊராக அடிபட்டது மாதிரி ஒன்று. என்னைக் கேட்டால், நம் வீட்டு கிடார்கள் எல்லாமே இரண்டாவது கிரேடுதான்!

2006-ல் பிளாக்கிக்கே நகல் எடுத்தார்கள். கிளாப்டன் வாசிக்கும்போது சிகரெட்டைக் கிடாரின் தலையில் செருகி வைப்பார். அது சுட்ட தழும்பு உட்பட அச்சு அசல். மொத்தம் 275 கிடார்கள், ஒன்று 24,000 டாலர். விற்றுத் தீர்ந்தன. கணக்குப்பிள்ளை புத்தி, பெருக்கிப் பார்த்தேன். 66 லட்சம் டாலர்! புகைப்பது உடல்நலத்துக்குக் கேடுதான். வியாபாரத்துக்கு அல்ல போலிருக்கிறது.

இது ஏமாற்று இல்லையா? இல்லை. வாங்குகிறவருக்குப் புதுசு என்று தெரியும். கஸ்டம் ஷாப் முத்திரை கிடார்த் தலையின் பின்னால் இருக்கும். அந்த முத்திரையைச் சுரண்டிவிட்டு '1954 ஒரிஜினல்' என்று தள்ளிவிட்டால்தான் ஃபோர்ஜரி. கைவேலை ஒன்றுதான், பில்லில் எழுதுவதுதான் வித்தியாசம்.

நியாயமான காரணமும் சொல்கிறார்கள். கீறலால் ஓசை இனிமையாகிவிடாது. ஆனால் விளிம்பு மழுங்கிய, வழவழப்பான கழுத்து முதல் நாளிலிருந்தே கைக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும். முதல் கீறல் விழுமோ என்ற பயமும் இல்லை. பைக்குக்காகச் சாப்பிடாமல் படுத்தவன் என்ற முறையில், அந்தக் கடைசிக் காரணம் எனக்குப் புரிகிறது.

ஆனாலும் ஒரு கிடார் மனசில் நிற்கிறது. அயர்லாந்து, கார்க் நகரம், 1963. ரோரி கேலகர் என்ற 15 வயதுப் பையன் 100 பவுண்டுக்கு ஒரு செகண்ட்ஹேண்ட் ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் தவணையில் வாங்கினான். அந்த வயதுக்கு, அந்த ஊருக்கு, மலைபோலக் கடன். 1966-ல் கிடார் திருட்டுப் போயிற்று. சில நாள் கழித்து ஒரு பள்ளத்தில் கிடைத்தது. அதற்குப் பிறகு அவர் அதை விடவில்லை. மேடை மேடையாகக் கொட்டிய வியர்வையில் பெயிண்ட் முக்கால்வாசி கரைந்து போயிற்று. உப்புத்தாள் இல்லை, அமிலம் இல்லை. 32 வருஷம்.

1995 ஜனவரியில் ரெலிக் கிடார் கண்காட்சிக்கு வந்தது. அதே வருஷம் ஜூனில் ரோரி இறந்தார். வயது 47. பின்னால் அந்தக் கிடாருக்கும் நகல் வந்தது. ஒரிஜினல் 2024 அக்டோபரில் லண்டனில் ஏலம் போயிற்று. 8 லட்சத்து 89 ஆயிரம் பவுண்டுக்கு மேல் கொடுத்து எடுத்தவர்கள், அதை அயர்லாந்தின் தேசிய மியூசியத்துக்கே கொடுத்துவிட்டார்கள்.

பி.காமில் குட்வில் என்றும் ஒரு பாடம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத சொத்து. விலைக்கு வாங்கின குட்வில்லைக் கணக்கில் எழுதலாம். உழைத்துத் தானாகச் சேர்ந்ததை எழுதக்கூடாது. ரெலிக் கிடார் விலைக்கு வாங்கினது. பில் இருக்கிறது, தாராளமாக எழுதிக்கொள்ளலாம். ரோரியுடையது எந்த லெட்ஜரிலும் ஏறாது.

போன வாரம் பைக்கை சர்வீஸுக்கு விட்டேன். டாங்க்கைப் பார்த்துவிட்டு, "டச்-அப் பண்ணிடலாமா சார்?" என்றார் மெக்கானிக்.

"இருக்கட்டும்ப்பா" என்றேன்.

முந்நூறு ரூபாய் மிச்சம் என்பது வேறு விஷயம்!